பாதையின் வலப்பக்கம்

என் கணவர் சகாய ஆண்டனி மெயின் ரோட்டில் வண்டி ஓட்டமாட்டார். அதற்கு வரலாற்றுக் காரணம் வைத்திருந்தார். பாரியின் மலையை முற்றுகையிட்ட மூவேந்தர்களும் மெயின் ரோட்டில் வந்ததால்தான் தோற்றார்கள் என்பது அவருடைய கொள்கை. அவர் சமூக அறிவியல் ஆசிரியர். இதை வகுப்பிலும் சொல்லியிருக்கிறார். ஒரு வருடம் யாரோ இதை அப்படியே பொதுத்தேர்வில் எழுதி, மதிப்பெண் இல்லாமல் வந்து நின்றபோது, "திருத்துனவரு மெயின் ரோட்டுல போற ஆளு" என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்.

காரைக்குடியிலிருந்து பிரான்மலைக்குப் போக நல்ல சாலை இருக்கிறது. பாரியின் மலை இப்போது அந்தப் பெயரில்தான் இருக்கிறது. திருப்பத்தூர், சிங்கம்புணரி என்று பேருந்து நேராகப் போய் இறக்கிவிடும். நாங்கள் பிள்ளையார்பட்டி தாண்டியதும் வடக்கே திரும்பிவிடுவோம். அதன்பிறகு கண்மாய்க்கரை, கருவேலங்காடு, ஒரு மாட்டுவண்டிக்கு மட்டும் தார் போட்ட பாதை, எதிரே ஆடு வந்தால் ஆட்டுக்கு வழிவிட வேண்டிய பாதை. எங்கள் பக்கத்தை மலைநாடு என்று சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். பொட்டலில் திடீரென்று ஒரு பாறை எழுந்து நிற்கும். அதன் வயிற்றில் ஒரு குடைவரைக் கோயில், உச்சியில் ஒரு சுனை, நடுவில் யாரோ ஒரு அரசன் ஒளிந்திருந்த குகை. அடுத்த பாறையிலும் இதே கதை, அரசன் மட்டும் வேறு.

வண்டி நூறு சிசி ஸ்ப்ளெண்டர். சனி ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்து பெரிய வண்டிகளில் வருகிறவர்கள், செட்டிநாட்டு வீடுகளைப் படமெடுத்துவிட்டு மலைப்பக்கம் வருவார்கள். முழங்காலுக்குக் கவசம், முதுகுக்குக் கவசம், தலையில் கேமரா. ஒருமுறை வலையபட்டிக்கு அப்பால் நாலைந்து பேர் போனைப் பார்த்தபடி நின்றார்கள். கண்முன்னால் பாதை இருந்தது, போனில் இல்லை. இவர் அவர்களைத் தாண்டிப்போய் நிறுத்தி, "பின்னாடியே வாங்க தம்பி" என்றார். வந்தார்கள். ஒரு கண்மாய்க்கரையில் கடைசி வண்டி சேற்றில் இறங்கிப் படுத்துக்கொண்டது. தூக்குவதற்கு டிராக்டர் வரவேண்டியிருந்தது.

"வண்டிக்கு எடை இருக்கக் கூடாது ஜெரி. ஓட்டுறவனுக்கு இருந்தாப் போதும்" என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கு இருந்தது.

நான் சேலை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார்கிறவள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அப்படி உட்கார்ந்தால் பாதையின் இடப்பக்கம் மட்டும்தான் தெரியும். முன்னால் அவர் முதுகு, வலப்பக்கம் தெரியாது. திரும்பி வரும்போது மறுபக்கத்தைப் பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். போன வழியில் திரும்புவது தபால்காரர் வேலை என்பார். போவது எப்போதும் திருக்கோளக்குடி வழி, வருவது எப்போதும் வேறு வழி. ஆகவே இந்த மாவட்டத்தில் எனக்குப் பாதி ஊர்கள் தெரியும் என்று சொல்வது சரியல்ல. எல்லா ஊர்களிலும் பாதி தெரியும் என்பதே சரி.

திருக்கோளக்குடி தாண்டி ஒரு வளைவு உண்டு. இடப்பக்கம் ஒரு பனை, கீழே காய்ந்த ஓடை. அந்த இடம் வந்ததும் வண்டி வேகம் குறைந்து, கொஞ்சம் தள்ளாடி, பிறகு பிடித்துக்கொள்ளும். எல்லா வாரமும். ஒருமுறை கேட்டேன்.

"இங்க ஏன் இழுக்க மாட்டேங்குது?"

"அங்க அப்பிடித்தான்."

ஏற்றமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பார்த்தால் இறக்கமாகத்தான் தெரிந்தது. வரலாற்று ஆசிரியர்களோடு இதற்கெல்லாம் வாதாட முடியாது.

போன மே மாதம், பள்ளி விடுமுறையில், அவருக்கு நெஞ்சு வலி வந்து மதுரையில் பார்த்தோம். இதயத்தில் மூன்று அடைப்பு. வியாழக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்துவிட வேண்டும், வெள்ளிக்கிழமை காலையில் பைபாஸ் என்று டாக்டர் சொன்னார். அந்தச் சொல்லே இவருக்கு ஒப்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எழுந்து வரும்போது டாக்டர், "பைக் எல்லாம் வேணாம் சார்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவர், "மெயின் ரோட்டுல ஓட்டக் கூடாதுன்னுட்டாரு" என்றார்.

"பைக்கே ஓட்டக் கூடாதுன்னாரு."

"மதுர டாக்டருக்கு வேற எந்த ரோடு தெரியும்? மெயின் ரோட்ட நெனச்சுத்தான் சொல்லியிருப்பாரு."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரே ஒரு சுற்று போய்வரலாம் என்றார். நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அவருக்கு ஏதாவது ஆனால் எனக்கும் ஆகும், அதனால் பார்த்து ஓட்டுவார் என்று ஒரு கணக்கு.

திருக்கோளக்குடி, வளைவு, பனை. வண்டி தள்ளாடியது, பிடித்துக்கொண்டது. பிரான்மலைக்கு முந்திய சிற்றூர் சுனைக்கரைப்பட்டி. பாதை அங்கே மாரியம்மன் கோயில் பொட்டலைக் குறுக்கே வெட்டிப் போகும். அன்று பொட்டல் நிறையக் கூட்டம், மேளம். இவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் பின்னால் போனார். அங்கே ஒரு கல்வெட்டு உண்டு. மேளக்காரர் நடுவில் நிறுத்தி, "வெளியூர்க்காரவுக எல்லையத் தாண்டிக்கிருங்க!" என்று சத்தம் போட்டார். மூன்று தடவை போட்டார். பலூன் விற்கிறவர்கள் கிளம்பினார்கள். அவர்களைத்தான் சொல்கிறார்கள் என்று நான் வண்டியருகே நின்றிருந்தேன். கல்வெட்டுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்காதா என்று பிறகு யோசித்திருக்கிறேன். நல்ல சத்தம்.

பூசாரி வேப்பங்கம்பில் மஞ்சள் துணியைக் கட்டினார். குலவைச் சத்தம் எழுந்தது. ஊர்த் தலைவர் சேவுகன் அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "காப்புக் கட்டியாச்சு! எல்லைக்குள்ள இருக்கவுக பகல்ல எங்க வேணாலும் போங்க, வாங்க. திருவிழா முடியுற வரைக்கும் ராத்திரித் தங்கல் இந்த மண்ணுலதான்!" என்றார். சொல்லி முடித்தபோது இவர் கல்வெட்டுப் பக்கத்திலிருந்து கையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"நீங்க யாரு?" என்றார் அம்பலம்.

"காரைக்குடி. வாத்தியாரு."

"மூணு தடவ சத்தம் போட்டமே, காதுல விழுகலையா?"

"கல்வெட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"என்ன எழுதியிருக்கு?"

"தெரியல. சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கீக."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அம்பலம் சிரிக்கவில்லை. "அப்ப நீங்க ரெண்டு பேரும் எல்லைக்குள்ள ஆயிட்டீக" என்றார்.

"நாங்க வேதக்காரவுகங்க, மாதா கோயிலுக்குப் போறவுக" என்றேன் நான்.

பூசாரி சின்னச்சாமி என் பக்கம் திரும்பினார். "ஆத்தா அதெல்லாம் பாக்க மாட்டா, தாயி. யாரு நிக்கிறான்னுதான் பாப்பா. போன வருசம் ஐஸ்கார பாய் மாட்டிக்கிட்டாரு. தெனமும் வந்து படுத்துட்டுத்தான் போனாரு. ஐஸும் நல்லா வித்துச்சு."

"வரலேன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. மழ பெய்யாது. ஊருல எல்லாரும் ஒங்களச் சொல்லுவாக."

"வியாழக்கிழமை இவரு மதுரை ஆஸ்பத்திரியில சேரணும்" என்றேன்.

"அடடா, அது ராத்திரித் தங்கலாச்சே" என்றார் என் கணவர். "அது முடியாதே, ஜெரி."

அவர் முகத்தில் அப்படியொரு வருத்தத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. அவ்வளவு ஒழுங்காக வருத்தப்படுகிறவர்கள் உண்மையில் வருத்தப்படுவதில்லை.

பாதை முனையில் பெட்டிக்கடை வைத்திருந்த பிச்சையம்மாள் தன் வீட்டு மொட்டை மாடியில் எங்களுக்குப் பாய் விரித்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள், பேச்சில் பெரியவள். "தலையணை ஒண்ணுதான் இருக்கு. சாரு வச்சுக்கிறட்டும். நீங்க அவரு கைய வச்சுக்கங்க, அக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். காற்று நன்றாக இருந்தது. இவர் தூங்கிவிட்டார். நான் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இழுக்கிறது, விடுகிறது. நடுவில் கொஞ்சம் தாமதித்தால் எழுந்து உட்கார்வேன், உடனே இழுப்பார்.

காலையில் காரைக்குடிக்கு வந்தோம். நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது, கோயம்புத்தூரிலிருந்து மகள் ஆஷ்லின் கூப்பிட்டாள்.

"அம்மா, அவருக்கு மூணு பிளாக். மாரியம்மனுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?"

"எல்லைக்குள்ள நின்னுட்டாருடி."

"நீயும் ஆரம்பிச்சுட்டியா? அவருகிட்டக் குடு."

இவர் போனை வாங்கினார். "ஊர் வழக்கத்த மதிக்கணும், பாப்பா."

"நம்ம கோயில் கொடியேத்தம் என்னைக்குன்னே நோட்டீஸ் பாத்துத்தானப்பா உங்களுக்குத் தெரியும்?"

"அதான் சொல்றேன். இப்பத்தான் புத்தி வந்திருக்கு."

அவள் போனை வைத்துவிட்டாள். இவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சாயங்காலம் சுனைக்கரைப்பட்டிக்குப் போட்டுப்போக.

மத்தியானம் நான் பங்குச் சாமியார் அருள் பிரகாஷைப் பார்க்கப் போனேன். வேதத்துக்கு இது ஆகாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதை வைத்துக்கொண்டு இவரை மதுரைக்கு இழுத்துவிடலாம். ஃபாதருக்குச் சொந்த ஊர் ஒக்கூர்ப் பக்கம். முழுவதும் கேட்டுவிட்டு, "எங்க ஊர்ல கொடியேத்திட்டா எங்கம்மா ராத்திரி வெளியூருல தங்க மாட்டாக. நான் குருப்பட்டம் வாங்கிச் சாமியாரான அன்னைக்கும் சாப்பாடு முடிஞ்சதும் பஸ் ஏறிட்டாக" என்றார்.

"அப்ப ஆபரேஷன், ஃபாதர்?"

"அது பண்ணித்தானம்மா ஆகணும்."

"எப்பிடி?"

"அந்த ஊர்லயே கேளுங்க. கட்டுனவுகளுக்குத்தான் அவுக்கத் தெரியும். நான் சொன்னா அது வேற வழக்கா ஆயிரும்."

சாயங்காலம் பையில் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய துணிகளையும் வைத்துக்கொண்டு ஏறினேன். இவர் பையைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். திருக்கோளக்குடி மலையடியில் வண்டியை நிறுத்தினார். பாறைமேல் வெயில் இருந்தது, கீழே இல்லை. வண்டியைவிட்டு இறங்கவில்லை.

"ஜெரி, நெஞ்சத் தொறப்பாகளாம்."

"ஆமா."

"தொறந்து?"

"சரி பண்ணிட்டு மூடுவாக."

"அதுவரைக்கும் இருதயத்த நிப்பாட்டி வப்பாகளாமே."

"மிஷின் பாத்துக்கும்னு சொன்னாருல்ல."

அவர் பெட்ரோல் டேங்கை ஒரு தடவை தட்டினார். "இஞ்சின நிப்பாட்டுனா சில நேரம் ஸ்டார்ட் ஆகாது" என்றார்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவரிடமிருந்து, எனக்குப் பயமாக இருக்கிறது என்ற செய்தி இப்படித்தான் வந்தது. எனக்கும் பயமாக இருக்கிறது என்பதை நான், "நேரமாச்சு, எடுங்க" என்று சொன்னேன்.

அன்று பொட்டலில் முளைப்பாரிப் பாட்டு முடிந்ததும் நேராக அம்பலத்திடம் போனேன். விலக்கு வேண்டும் என்றேன். கூட்டம் உட்கார்ந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கூட்டம் உட்கார அதிகம் தேவையில்லை.

"விலக்கு ரெண்டுக்குத்தான் உண்டு, தாயி" என்றார் அம்பலம். "ஒண்ணு பிரசவம். ஒண்ணு சாவு. வேற எதுக்கும் எங்க பாட்டன் காலத்துல இருந்து குடுத்ததில்ல."

"ரெண்டுமே இல்லையே" என்றார் என் கணவர் நம்பிக்கையோடு.

"ஆப்ரேசன் ரெண்டுல எதுல சேரும்?" என்று அம்பலம் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

இதுதான் தவறு. கேட்டிருக்கவே கூடாது. ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

"கத்தி வக்கிறதால பிரசவந்தான். எம் மருமகளுக்கும் கத்தி வச்சுத்தான் எடுத்தாக."

"அது வயிறு. இது நெஞ்சு. நெஞ்சுல கத்தி வச்சா அது எதுல சேரும்? நீயே சொல்லு."

"வாயில நல்ல வார்த்த வராதா ஒனக்கு?"

"இருதயத்த நிப்பாட்டுறாகன்னு வாத்தியாரே சொல்றாரு. நின்னா அதுக்கு என்ன பேரு?"

"திருப்பி ஓட விடுறாகல்ல?"

"ஓடுனாத்தானே பிரசவம்? ஓடுறதுக்கு முந்தி எதுல சேக்குறது?"

பூசாரி சின்னச்சாமி, பாதி நேரம் சாவிலும் பாதி நேரம் பிரசவத்திலும் சேர்க்கலாம் என்றார். அவரை உட்காரச் சொன்னார்கள். என் கணவர் எழுந்தார்.

"சாவுக் கணக்குல என்னைய அனுப்புறதா இருந்தா நான் போகல" என்றார். அப்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை.

பிச்சையம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து பேசினாள். "ஆம்பளையளுக்கு ஒண்ணுமே தெரியாதா? வலியோட போயி, படுத்து, கத்தி பட்டு, எந்திரிச்சு வாரது பிரசவம். எந்திரிக்காமப் போறதுதான் சாவு. சாரு எந்திரிச்சு வாரதுக்குத்தானே போறாரு? எந்திரிக்காம இருக்கவா இம்புட்டுத் துட்டுக் கட்டுறாரு?"

அம்பலம் துண்டை உதறினார். "அப்ப வாத்தியாரு பிரசவத்துக்குப் போறாரு" என்றார்.

என் கணவர் உட்கார்ந்தார். பிறகு, "சரி" என்றார். அவ்வளவுதான். டாக்டரும் மகளும் நானும் சொல்லி வராத சரி அது.

பிரசவத்துக்குப் போகிற பெண், தனக்குப் பதிலாக ஒரு சேலையை எல்லைக்குள் விட்டுப்போக வேண்டுமாம். துணைக்குப் போகிறவளுக்கும் அதே விலக்குதானாம். இவர் தன் சட்டையைப் பார்த்தார்.

"சட்டைய நாய் இழுத்துட்டுப் போயிரும். வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றாள் பிச்சையம்மாள்.

அப்படியே ஆனது. மறுநாள் காலையில் ஸ்ப்ளெண்டரை மாரியம்மன் கோயில் ஓரத்தில் நிறுத்தினார். பூசாரி கைப்பிடியில் வேப்பிலைக் கொத்து ஒன்றை மஞ்சள் கயிறால் கட்டினார். இனி வண்டியும் ராத்திரி எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. "காலைல சோக்கு போட்டாத்தான் எடுக்கும்" என்று இவர் பிச்சையம்மாளின் கணவர் தங்கச்சாமியிடம் சொன்னார். "எடுக்க வேண்டாம். சும்மா சொல்லி வைக்கிறேன்" என்றும் சொன்னார். பிறகு பேருந்தில் ஏறி, மெயின் ரோடு வழியாக மதுரைக்குப் போனோம். வழி முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது. சனிக்கிழமை ஐந்து நிமிடம் பார்க்கவிட்டார்கள். உடம்பெல்லாம் குழாய். கண்ணைத் திறந்து, "ஸ்டார்ட் ஆயிருச்சு" என்றார். சத்தம் வரவில்லை, உதட்டில் படித்தேன். கொஞ்சம் கழித்து, "வண்டி?" என்றார்.

"கோயில்ல நிக்குது. வேப்பிலை கட்டியிருக்காகல்ல."

சிரிக்கப் பார்த்தார், வலித்தது. "நீ ஓட்டுறப்ப, அந்த வளைவுல மெதுவாப் போ."

"நான் எங்க ஓட்டப்போறேன்?"

"லைசன்ஸ் எதுக்கு வாங்குன?"

வாங்கியது உண்மை. அவர் பள்ளிக்கூட மைதானத்தில் பழக்கி, கியர் வண்டிக்கே வாங்கிக் கொடுத்தார். அதன்பிறகு ஸ்கூட்டியைத் தவிர நான் எதையும் தொட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்தது. பிறகு சிறுநீரகம். திங்கட்கிழமை விடிந்தபோது முடிந்துவிட்டது. இதயம் கடைசிவரை நன்றாக ஒத்துழைத்தது என்று டாக்டர் சொன்னார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அடைப்புகளைச் சுற்றிப் புது வழி போட்ட, புதிதாக ஓட ஆரம்பித்த இதயம். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் மாறியிருக்குமா என்று ஆஷ்லின் கேட்டாள். வியாழக்கிழமைதானே வரச் சொல்லியிருந்தோம், வியாழக்கிழமைதானே வந்தார் என்று டாக்டர் சொன்னார். சரியான பதில்.

செவ்வாய்க்கிழமை பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். வீட்டிலிருந்து பெட்டியை எடுக்கும்போது, தெருவில் ஒரு மினி லாரி நின்றிருந்தது. சுனைக்கரைப்பட்டிக்காரர்கள். திருவிழா நேரத்தில் சாவு வீட்டுக்குள் வரக் கூடாது என்று தெருவிலேயே நின்றுகொண்டார்கள். தண்ணீர்கூட வாங்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் வேப்பிலை காய்ந்த கைப்பிடியோடு ஸ்ப்ளெண்டர் நின்றது. தங்கச்சாமி ஓட்டி வந்திருக்கிறார்.

அடக்கம் முடிந்து எங்கள் தெருவுக்குத் திரும்பியதும் அம்பலம் என்னிடம் வந்தார். "சேதி வந்ததுல இருந்து இப்ப வரைக்கும் மேளம் அடிக்கல, தாயி. எல்லைக்குள்ள படுத்தவரு. மண்ணுக்குள்ள போனப்புறந்தான் அடிக்கணும். இனிமேத்தான் அடிப்போம்."

நான் தலையசைத்தேன்.

"அவரு போனது பிரசவத்துக்குத்தான். அத நாங்க மாத்தல" என்றார். இதைச் சொல்வதற்குத்தான் அத்தனை பேரும் வந்திருந்தார்கள் என்று எனக்கு அப்போது தோன்றியது.

பிச்சையம்மாள் வண்டியருகே தள்ளி நின்றாள். அவள் பேசாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். "நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும், அக்கா. எந்திரிச்சு வருவாருன்னு சொன்னேன்" என்றாள்.

"நீ சொல்லலேன்னா போயிருக்க மாட்டாரு."

அவள் முகம் இன்னும் சுருங்கியது. நான் சொல்ல வந்ததைச் சரியாகச் சொல்லவில்லை.

"பயப்படாமப் போனாரு, பிச்சையம்மா. எந்திரிச்சாரு. ஸ்டார்ட் ஆயிருச்சுன்னு எங்கிட்டச் சொன்னாரு. அதுவரைக்கும் நீ சொன்னது சரிதான்."

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. திருவிழா இன்னும் ஒரு நாள் மிச்சம். அவர்கள் எல்லாரும் இருட்டுவதற்குள் எல்லைக்குள் இருக்க வேண்டும். வண்டியும்தான். தங்கச்சாமி சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"நான் கொண்டாரேன்" என்றேன்.

அம்பலம் என்னைப் பார்த்தார். "ஒங்களுக்கு விலக்கு உண்டு, தாயி. சாவுக்கு உண்டுல்ல."

"வண்டிக்கு இல்லையே."

அவருக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. என் நாத்தனாருக்குத் தெரிந்திருந்தது. அடக்கம் முடிந்த அன்றே பொம்பளை மோட்டார் சைக்கிளில் மாரியம்மன் திருவிழாவுக்குப் போவது எந்தப் பங்கில் நடக்கும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆஷ்லின் அதற்குள் உள்ளே போய் அவளுடைய சுடிதார் ஒன்றை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

"சேலையோட கியர் வண்டி ஓட்டாதம்மா. காலைல போன் பண்ணு."

"நீ?"

"நான் அத்தையப் பாத்துக்கிறேன்."

வண்டி முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்சம் அடம்பிடித்திருக்கலாம்.

மினி லாரி மெயின் ரோட்டில் போனது. நான் பிள்ளையார்பட்டி தாண்டி வடக்கே திரும்பினேன். இரண்டாவது கியருக்கு மேல் போகத் துணிவில்லை. ஒரு ஆட்டுக்கு வழிவிட்டேன். பழக்கப்பட்ட கண்மாய்களெல்லாம் இடப்பக்கம் வந்துபோயின. வலப்பக்கத்தில் என்ன இருக்கும் என்று எனக்குள் ஏதோ எதிர்பார்ப்பு இருந்திருக்க வேண்டும். அங்கும் கருவேலமும் செங்கல் சூளையும்தான். ஒரு இடத்தில் உடைந்த தண்ணீர்த் தொட்டி, ஒரு இடத்தில் பாதி கட்டிய வீடு. இத்தனை வருடமும் இவற்றை அவர் தனியாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார், ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பது பார்த்தபின் தெரிந்தது.

திருக்கோளக்குடி தாண்டியது. பனை தெரிந்தது. மெதுவாகப் போகச் சொன்ன வளைவு. முதல் கியருக்கு இறக்கினேன்.

வலப்பக்கம், பாதைக்குச் சற்று மேட்டில், ஒரு பம்புசெட்டு அறை இருந்தது. அதன் வாசலில் ஒருவர் கல்மேல் உட்கார்ந்திருந்தார். வயதைச் சொல்ல முடியாது, தலையில் துண்டு கட்டியிருந்தார். வண்டியைப் பார்த்ததும் எழுந்து, பெரிதாக, தோளுக்கு மேலே கையைத் தூக்கப் போனார். பாதி தூக்கியதும் ஓட்டுவது வேறு ஆள் என்று தெரிந்துவிட்டது. கை அந்தரத்தில் அப்படியே நின்றது. இறக்குவதா, முழுவதும் தூக்குவதா என்று அவருக்கு முடிவாகவில்லை.

நான் என் வலது கையைத் தூக்கினேன்.

ஆக்ஸிலேட்டர் வலது கையில்தான் இருக்கிறது. அதை விட்டால் வண்டியின் வேகம் குறையும், கொஞ்சம் தள்ளாடும், ஓடிக்கொண்டே இருக்கும். குறைந்தது. எல்லா வாரமும் போலத் தள்ளாடியது. அவர் பாதியில் நின்ற கையை முழுவதும் தூக்கினார். நான் கைப்பிடியைத் திரும்பப் பிடித்துக்கொண்டேன், வண்டியும் பிடித்துக்கொண்டது.

சுனைக்கரைப்பட்டிக்கு இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தேன். மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.